வீடுகளா, வேலைகளா: சிங்கப்பூருக்குத் திறந்தவெளி அருங்காட்சியகம் ஏன் வாய்க்கவில்லை

பள்ளி விடுமுறையில் சென்னைக்குப் போகும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பயணத் திட்டத்தில், துணிக்கடைகளுக்கும் கோயில்களுக்கும் இடையே, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி ஏறத்தாழப் பத்து ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள அந்த இடத்தில், தென்மாநிலங்களின் பல ஊர்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, தூணுக்கும் உத்தரத்துக்கும் கதவுநிலைக்கும் எண்ணிட்டுப் பிரித்து, கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகரின் முகப்பு, அக்ரகாரத்துத் திண்ணை, பட்டு நெசவாளர் வீட்டின் தறிக்குழி, ஆந்திரக் கடலோரத்து வட்டக் குடில் என்று 18 வீடுகள் அங்கே இருக்கின்றன. 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் துணையோடு உருவாக்கிய இந்த வளாகம் 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே போய்வரும் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் வீடுகளை அல்ல. சுழலும் சக்கரத்தில் களிமண் கையை விட்டு நழுவியதையும், பனையோலையில் கிளி முடையக் கற்றதையும், தறியின் மிதியைக் கால் அமுக்கியபோது நூல்வரிசை பிரிந்ததையும்தான் அவர்கள் திரும்பி வந்து சொல்கிறார்கள். திறந்தவெளி வரலாற்று அருங்காட்சியகம் என்ற வகையின் பலம் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகளே சரியாகக் கண்டுகொண்டு விடுகிறார்கள். வீடு காட்சியின் அரங்கம். அதில் நடக்கும் வேலையே காட்சி.

இத்தனை அருங்காட்சியகங்களையும் மரபுடைமை நிலையங்களையும் வைத்திருக்கும் சிங்கப்பூரில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று கேட்டால், நிலம் இல்லை என்ற பதில் உடனே வரும். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டருக்குள் விமான நிலையம், துறைமுகம், நீர்த்தேக்கம், ராணுவப் பயிற்சிக்களம் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய நாட்டில் அது பொய்யான பதில் அல்ல. ஆனால் அது பாதிப் பதில்தான். பத்து ஏக்கர் என்பது நான்கு ஹெக்டேர். அதைவிடப் பெரிய இடத்தை இதே தீவு இதே நோக்கத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்கிறது. மீதிப் பதிலை அறிய, இந்த வகை அருங்காட்சியகம் எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவீடனைச் சேர்ந்த ஆர்ட்டூர் ஹசேலியஸ் 1872இல் தலார்னா என்ற கிராமப்புற வட்டாரத்தில் பயணம் செய்தபோது, தலைமுறை தலைமுறையாக அணிந்துவந்த உடைகளையும் புழங்கிய பொருள்களையும் மக்கள் கைவிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். ரயில் வந்துவிட்டது, தொழிற்சாலைத் துணி மலிவாகக் கிடைத்தது, பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் சில பத்தாண்டுகளில் பத்து இலட்சத்தைத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோமில் தம் சேகரிப்பைக் காட்சிக்கு வைத்த அவர், பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்காமல், மெழுகுருவங்களுக்கு உடை அணிவித்து ஓர் அறையின் வாழ்க்கைக் காட்சியாக அமைத்தார். அதுவும் போதாதென்று பட்டது. 1891 அக்டோபர் 11ஆம் நாள் ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவில் ஸ்கான்சனைத் திறந்தார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடியானவர் வீடுகள், அவற்றுக்குரிய தொழுவங்கள், ஆடுமாடுகள், அந்தந்த வட்டார உடையில் அடுப்பெரித்து நூல் நூற்கும் மனிதர்கள் என்று அது ஒரு சிறிய சுவீடனாகவே அமைந்தது. நார்வேயில் அரசர் இரண்டாம் ஆஸ்கரின் பண்ணையில் பழைய மரக்கட்டடங்களைத் தொகுக்கும் முயற்சி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது என்றாலும், கட்டடத்தோடு வேலையையும் சேர்த்துக் காட்டிய பெருமை ஸ்கான்சனையே சேரும். தட்சிணசித்ராவையும் அந்த மரபில்தான் வைக்க வேண்டும்.

இந்த வடிவத்துக்கு ஓர் உள்ளார்ந்த நிபந்தனை இருந்தது. குடியானவருக்குச் சொந்த வீடு இருக்க வேண்டும். அது பல தலைமுறை நின்றிருக்க வேண்டும். அதைப் பிரித்தால் மீண்டும் பொருத்தும்படியான பொருள்களால் கட்டப்பட்டிருக்க வேண்டும். உழவோ நெசவோ வாணிகமோ அந்த வீட்டுக்குள்ளும் முற்றத்திலுமே நடந்திருக்க வேண்டும். ஸ்காண்டிநேவியாவின் மரவீடுகளுக்கும் செட்டிநாட்டின் பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் இந்த நிபந்தனை பொருந்தியது. சிங்கப்பூரின் கம்பத்து வீடுகளுக்கு, அதாவது பழைய கிராமக் குடியிருப்புகளின் வீடுகளுக்கு, அது பாதியே பொருந்தியது. கம்பத்தில் வாழ்ந்தவர் பெரும்பாலும் நிலத்துக்கு வாடகை கட்டி, அதன்மேல் பலகையாலும் தகரத்தாலும் அத்தாப்பாலும் தாமே வீடு கட்டிக்கொண்டவர். நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை இங்குள்ள மழைக்குச் சில ஆண்டுகளில் மட்கிவிடும். பலகையைக் கறையான் தின்னும். பழையது போகப் போகப் புதியதைச் செருகிக்கொண்டே வாழ்ந்த வீடு அது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைக்கப்பட்டு, 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்த பிறகு, கம்பங்களை அகற்றி மக்களை அடுக்குமாடிகளுக்குக் குடியேற்றும் பணி விரைந்தது. காலியான பலகை வீட்டில் பிரித்தெடுத்து எண்ணிட்டு வைக்கத் தகுந்தது எதுவும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை, அங்கு வாழ்ந்தவர்களுக்கும்தான்.

நினைவு வந்தபோது நகலைத்தான் கட்ட முடிந்தது. கேலாங் சிராயில் 1989இல் திறக்கப்பட்ட மலாய் கிராமம், கம்பத்து வீடுகளின் சாயலில் புதிதாக எழுப்பப்பட்ட வளாகம். கடைகளும் காட்சிகளும் இருந்தும், மக்கள் நடமாட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வராமலேயே 2011இல் அது மூடப்பட்டது. ஜூரோங்கில் 1992இல் திறக்கப்பட்ட டாங் வம்ச நகரம் இன்னும் துணிச்சலானது: ஏழாம் நூற்றாண்டுச் சீனத் தலைநகரான சாங்கானை ஏறத்தாழ 12 ஹெக்டேரில் கட்டி, மதிலும் அரண்மனையும் களிமண் படைவீரர்களும் வைத்து, உடையணிந்த நடிகர்களை நடமாடவிட்டது. 1999இல் அதுவும் மூடப்பட்டது. நிலம் கிடைத்த இடம் அதுதான். இவ்விரண்டையும் பற்றிப் பேசுவோர் வழக்கமாக நுழைவுக் கட்டணம், சுற்றுலாச் சரிவு, நிர்வாகம் என்று காரணம் சொல்வார்கள். அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், எந்தச் சிங்கப்பூரரின் பாட்டனாரும் வாழ்ந்திராத ஒரு நகரத்துக்கு உள்ளூர்க்காரர் இரண்டாம் முறை போக என்ன காரணம் இருக்க முடியும்? மலாய் கிராமத்துக்கு அந்தக் குறை இல்லை. அதன் குறை வேறு. கம்பத்து வாழ்க்கையை நினைவில் வைத்திருந்த மலாய்க்காரர்கள் சில கிலோமீட்டர் சுற்றளவிலேயே வாழ்ந்துகொண்டிருந்தபோது, அவர்கள் அறிந்த வேலைகளுக்கு அங்கே இடமில்லை. நினைவுப்பொருள் விற்பனைக்குத்தான் இடமிருந்தது.

நகல் அல்லாதவை இரண்டு எஞ்சியிருக்கின்றன. முதலாவது, தீவின் பெருநிலத்தில் கடைசியாக நிற்கும் கம்பமான லோரோங் புவாங்கோக். 1956இல் சீன மருந்து வணிகர் ஒருவர் வாங்கிய அந்த நிலம் ஒன்றேகால் ஹெக்டேருக்கும் குறைவு. இருபத்தைந்து குடும்பங்கள் அளவில், மலாய்க்காரரும் சீனரும் மிகக் குறைந்த வாடகைக்கு வாழ்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தில் அந்த இடத்துக்குச் சாலையும் பள்ளிகளும் பூங்காவும் குறிக்கப்பட்டுள்ளன. உடனடியாக அதைச் செயல்படுத்தும் எண்ணம் இல்லை என்று 2017இல் அரசாங்கம் தெரிவித்தது. அங்கே சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு: அது அருங்காட்சியகம் அல்ல, மற்றவர் வீட்டு வாசல். துணி காயும் கொடியைப் படமெடுப்பவருக்கு அது வரலாறு. அந்தத் துணிக்குரியவருக்கு அது சலவை. பணியாளர் உடையணிந்து காட்டும் வாழ்க்கைக்கும் ஒருவர் உண்மையாக வாழும் வாழ்க்கைக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டை, வேலியிடப்பட்ட எந்த அருங்காட்சியகத்தையும்விட இந்த வேலியில்லாத கம்பம் தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டாவது புலாவ் உபின். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும் சிறு படகில் ஏறினால், சிறிது நேரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான அந்தத் தீவில் இறங்கிவிடலாம். வரலாற்று நோக்கில் ஒருநாள் உலாவுக்கு இன்று சிங்கப்பூரில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடம் இதுவே என்பது என் மதிப்பீடு. பழைய சீனக் கம்பத்து வீடொன்று 1970களில் இருந்த நிலைக்கு மீட்கப்பட்டு, காலண்டரும் தையல் இயந்திரமும் பாத்திரங்களும் உள்ளபடி வைக்கப்பட்டிருக்கிறது. செக் ஜாவா சதுப்புக் கரையில், 1930களில் ஓர் ஆங்கிலேய அதிகாரிக்காகக் கட்டப்பட்ட, கணப்படுப்புள்ள வீடும் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை தள்ளி வாழ்ந்தவருக்கு அந்த அடுப்பு எதற்கு என்பது தனி ஆய்வுக்குரியது. செக் ஜாவாவில் செய்யத் திட்டமிட்டிருந்த நிலமீட்பை, மக்களின் வேண்டுகோளை ஏற்று 2001 டிசம்பரில் அரசாங்கம் தள்ளிவைத்ததும் இங்கே நினைக்கத் தக்கது.

ஆயினும் உபினின் வரலாறு வீட்டில் இல்லை, கல்லில் இருக்கிறது. பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவில் 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கருங்கல் இங்கிருந்துதான் போயிற்று. 1924இல் நிறைவடைந்த ஜொகூர்க் கடற்பாலத்துக்கும் போயிற்று. தீவின் நடுவே நீர் நிரம்பிக் கிடக்கும் பெரும் பள்ளங்கள் அந்தக் கல்லுடைப்பு விட்டுப்போன வடுக்கள். பார்வையாளர் அவற்றை ஏரி என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார். பாறையில் துளையிடுவது, ஆப்பறைவது, வெடிவைப்பது, பிளந்த கல்லைப் படகில் ஏற்றுவது ஆகியவற்றில் ஒன்றைக்கூட இன்று யாரும் செய்துகாட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூர்த் தமிழரின் வரலாறு இந்த விவாதத்துக்குள் தனியாக நுழைகிறது. மலாய்க் கம்பத்துக்கும் சீனக் கடைவீட்டுக்கும் இணையாகத் தமிழர் வீடு என்று ஒன்றை நிறுத்திக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது? 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் வேலை கொடுத்தவரின் கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள். ரப்பர்த் தோட்டத்தில் லயம் என்ற வரிசை வீடுகள், துறைமுகத்தில் கூலிக் குடியிருப்பு, நகராண்மைத் தொழிலாளருக்கு வரிசை அறைகள், ரயில்வேக்குக் குவார்ட்டர்ஸ், 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தில் அந்தத் தளத்துக்கே உரிய ஆசியத் தொழிலாளர் குடியிருப்பு. வேலை போனால் வீடும் போகும். பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறியபோது, நேவல் பேஸ் என்ற அந்தத் தளத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் வேலையை மட்டுமன்றித் தெருவையும் கோயிலையும் விளையாட்டுத் திடலையும் ஒன்றாகவே இழந்தன. செல்வர்களான நகரத்தார்கூட இங்கே வீடு கட்டிக்கொண்டு வாழவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி எனப்பட்ட வட்டித்தொழில் கூடங்களில் ஒரு பாயும் பெட்டகமும் சாய்வு மேசையும் போடும் அளவு இடத்தில் தொழிலும் இருப்புமாக மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய வீடுகள் காரைக்குடிப் பக்கத்தில் இருந்தன. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், ஆயிரக்கணக்கான நுண்சிற்பங்கள் செதுக்கிய செட்டிநாட்டுக் கதவுநிலை ஒன்று கம்பீரமாக நிற்கிறது. மிக அழகான பொருள். ஆனால் அது கடலுக்கு அப்பாலுள்ள வீட்டின் வாசல். இங்கே உழைத்தவர் தினமும் நுழைந்து வெளியேறிய வாசல் எதுவும் எந்தக் காட்சியறையிலும் எனக்குத் தென்பட்டதில்லை.

சொந்த வீடில்லாத தொழிலாளியின் வாழ்க்கையை இந்த வடிவத்தில் காட்டவே முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சான்று இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஃபிராங்க் அட்கின்சன் என்பவர், மக்கள் எதைக் கொடுத்தாலும் தட்டிக்கழிக்காமல் வாங்கிக்கொள்வது என்ற கொள்கையோடு டர்ஹம் மாவட்டத்தில் பீமிஷ் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 1972இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே நிற்கும் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகள் ஹெட்டன் நிலக்கரி நிறுவனம் 1860களில் தன் ஆட்களுக்காகக் கட்டியவை. நிறுவனத்தின் சொத்தாக இருந்த லயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து வைத்து, அதனருகே சுரங்க வாயையும் பள்ளிக்கூடத்தையும் வழிபாட்டிடத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். வரிசை வீட்டை மட்டும் வைத்திருந்தால் அது ஏழ்மையின் படமாகியிருக்கும். சுரங்கத்தையும் சேர்த்ததால்தான் அங்கே வாழ்ந்தவரின் திறமையும் ஆபத்தும் அன்றாடமும் புலப்படுகின்றன. அந்த மக்கள் தம் தாத்தா இறங்கிய சுரங்கத்தைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறான வழி பின்பற்றப்பட்டது. 1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்கள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன; இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்பில் உள்ளன. சிறிய நாட்டுக்கு அது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்பாடு காப்பது முகப்பையும் கூரையையும் படிக்கட்டையும்தான். உள்ளே நடந்த தொழில் வாடகை ஏறியதும் தானாக வெளியேறிவிடும். இதற்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு ரயில் பாதை. 2011இல் மலாயா ரயில் சேவை தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து விலகியபின், 24 கிலோமீட்டர் நீளப் பாதை பசுமை நடைவழியாக மாற்றப்பட்டது. புக்கிட் தீமா நிலையம் அழகுற மீட்கப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. நிலையத்தை ஒட்டியிருந்த ஊழியர் குடியிருப்பு இப்போது காப்பிக்கடையாக இருக்கிறது. தண்டவாளத்தைச் செப்பனிட்டவர்களிலும் கைகாட்டி இயக்கியவர்களிலும் தமிழர் எத்தனை பேர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காப்பி சற்றுக் கசக்கலாம். கட்டடம் பிழைத்தது குறித்து மகிழத்தான் வேண்டும். ஆனால் சரக்கு வண்டி வந்தால் கம்பியும் நெம்புகோலும் எப்படி ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் என்று ஒருவர் இயக்கிக் காட்டியிருந்தால் அந்த நிலையம் வேறொரு தகுதியை எட்டியிருக்கும்.

ஆகவே தமிழரைப் பொறுத்தவரை, கேட்க வேண்டியது வீடுகளின் காட்சியகத்தை அல்ல, வேலைகளின் காட்சியகத்தை. அதற்குச் சரக்கு குறைவில்லை. ராஃபிள்சோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே முதலில் தொடங்கிய பெருந்தொழில் செங்கற் சூளை. கல்வீடு கட்டச் செங்கல் இல்லாத புதிய குடியேற்றத்தில், களிமண் எங்கே கிடைக்கிறது, எந்த விறகு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று தெரிந்தவர்களை அவர் பினாங்கிலிருந்து வரவழைத்தார். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் பின்னர் அரசாங்கமே சூளை நடத்தியது. அதில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து மாற்றப்பட்டு முதலில் வந்திறங்கிய 80 கைதிகளும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். 1873இல் கைதிகள் குடியிருப்பு கலைக்கப்படும்வரை, சாலை, கால்வாய், பாலம், ஆளுநர் மாளிகை என்று இந்நகரின் அடித்தளத்தில் பெரும்பகுதி அவர்கள் கையால் அமைந்தது.

அவர்கள் வேலைகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சிட்டி ஹால் பெருவிரைவு ரயில் நிலையத்தைவிட்டு மேலே ஏறியதும் வெண்மையாகக் கண்ணில் படும் புனித ஆண்ட்ரூ பேராலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1862இல் அது புனிதப்படுத்தப்பட்டது. கர்னல் ரோனல்ட் மெக்ஃபர்சன் வரைந்த கட்டடம், கட்டியவர்கள் கைதிகள். அதன் உட்சுவருக்கும் தூண்களுக்கும் பூசப்பட்டது மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டையின் வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்தடித்துக் குழம்பாக்கி, தேங்காய் மட்டையை ஊறவைத்த நீரைவிட்டு, அந்தச் சுண்ணாம்போடு கலந்து பூசினார்கள். பூச்சு உலர்ந்து வரும் பக்குவத்தில் பளிங்குக் கல்லையோ வழவழப்பான கூழாங்கல்லையோ கொண்டு தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடியைத் தூவி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றினார்கள். ஆங்கிலேயர் இதைச் சென்னைச் சுண்ணாம்பு என்றே அழைத்தார்கள்.

இந்தச் செய்முறையில் வியப்பூட்டுவது முட்டை அல்ல, காரணம். வெண்கருவில் உள்ள புரதம் சுண்ணாம்புத் துகள்களைப் பிணைத்துப் பூச்சைக் கெட்டியாக்குகிறது. சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரையச் செய்து குழைவைத் தருகிறது. மட்டையின் துவர்ப்புச் சாறு கலவையின் இறுகும் வேகத்தை மாற்றுகிறது. பூசியபின் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணக்கல்லாகவே மாறுகிறது. ஆகவே தேய்ப்பவர் தேய்ப்பது ஈரமான பூச்சை அல்ல, கல்லாக மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை. முந்தித் தேய்த்தால் பிய்ந்துவரும். பிந்தினால் மெருகு ஏறாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ எந்நேரமும் மிகுந்திருக்கும் சிங்கப்பூரில் அந்தப் பக்குவநேரம் சென்னையினதாகவோ செட்டிநாட்டினதாகவோ இருந்திருக்க முடியாது. அதை இங்கே வந்தவர்கள் சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் கொத்தனாரின் கரண்டி ஒன்றை வைத்து, அதன்கீழ் நான்கு வரி எழுதி, இந்த அறிவைக் காட்ட முடியாது. ஒரு சுவர், ஒரு தொட்டி சுண்ணாம்பு, தெரிந்த ஒருவர், அவர் பக்கத்தில் நின்று கையை நனைத்துப் பார்க்க அனுமதிக்கப்பட்ட பிள்ளைகள் ஆகியவை வேண்டும். திறந்தவெளி அருங்காட்சியகம் என்பது அவ்வளவுதான். அதற்கு நான்கு ஹெக்டேர் தேவையில்லை.

மற்ற தொழில்களைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்லலாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரம் நீர்ப்பிடிப்பான புல்வெளியாக இருந்த காலத்தில் மாட்டுக்கொட்டகைகளும் பால்கறவையும் தமிழரை அங்கே கூட்டின. 1930களில் நகராண்மை கட்டுப்படுத்தியபின் மாடுகள் போயின, தெருப்பெயர்கள் தங்கின. தோபி காட்டில் சலவைத் தொழிலாளர்கள் துவைத்த ஓடை இன்று மூடிய கால்வாயாக ஓடுகிறது. மிளகாயும் மல்லியும் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்முன்னே அரைத்துத் தரும் மில் லிட்டில் இந்தியாவில் இன்னும் இயங்குகிறது. பூக்கட்டுபவர்களின் விரல்களும் இயங்குகின்றன. இவை தம் போக்கில் பிழைத்திருப்பவை. இவற்றுக்கு அருங்காட்சியகம் செய்யக்கூடிய பெரிய உதவி, வாடகையில் கைகொடுப்பதும் கூட்டத்தைக் கடைவாசலில் நிறுத்தாமல் இருப்பதும்தான்.

சிக்கலான கேள்வி ஒன்றைத் தவிர்க்க முடியாது. கைதியாகவும் கூலியாகவும் யார் உடையணிந்து நிற்பது? உலகின் திறந்தவெளி அருங்காட்சியகங்களில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் பணியாளர் அக்காலத்து ஆளாகவே நடிப்பார். அமெரிக்காவின் பிளிமத்தில், 1620களின் ஆங்கிலேயக் குடியேறியாக நடிப்பவரிடம் தொலைபேசியைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் புரியாது. மற்றொன்றில் அவர் இக்கால மனிதராகவே இருந்து, கையால் செய்துகொண்டே விளக்குவார். அதே பிளிமத்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் அக்காலத்து ஆளாக நடிக்காமல், இன்றைய வாம்பனோக்குகளாகவே பேசுகிறார்கள். அமெரிக்காவின் மற்றொரு திறந்தவெளி அருங்காட்சியகமான வில்லியம்ஸ்பர்க்கில் 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது, கறுப்பின உரிமை அமைப்புகள் திரண்டு எதிர்த்தன. அந்த நிகழ்ச்சியை வடிவமைத்தவரும் கறுப்பினப் பெண்மணியே. எதிர்க்க வந்தவர்களில் ஒருவர் பார்த்தபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்றாலும், அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

இங்கே நிலைமை இன்னும் நுட்பமானது. இன்றும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்து விடுதிகளில் தங்கும் ஆடவர்கள் இருக்கும் நகரத்தில், நூறாண்டுக்கு முந்தைய கூலிக் குடியிருப்பை நகலெடுத்து, அதில் ஒருவரை வேட்டி கட்டி உட்காரவைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால், அது வரலாறாக இராது. நான் இரண்டாம் முறையின் பக்கமே நிற்கிறேன். வேடம் வேண்டாம், வேலை போதும். சங்கிலி பூட்டிய கைதியாக நடிப்பவரைவிட, சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டே, இதை இங்கே செய்தவர்கள் யார், எப்படி வந்தார்கள், தண்டனை முடிந்தபின் என்ன ஆனார்கள் என்று சொல்லும் ஒரு கொத்தனார் அதிகம் கற்றுத் தருவார். அந்தக் கைதிகளின் மதிப்பும் குலையாது.

இதற்கான மூலப்பொருள் ஓரளவு சேர்ந்தே இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின், 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு பல மொழிகளில் நேர்காணல்களைப் பதிவு செய்துவைத்திருக்கிறது. ஆனால் நேர்காணலில் ஒருவர் தம் வாழ்க்கையைச் சொல்வார்; தம் கை செய்ததைச் சொல்வது அரிது. கேட்டாலும், அதெல்லாம் சாதாரண வேலை தம்பி, அதிலே சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் பதில் வரும். நேவல் பேஸில் 1971இல் இருபது வயதுடையவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சாயம் பூசியவர், கொதிகலனுக்குள் இறங்கியவர், கயிறு பின்னியவர் ஆகியோரைக் கருவிகளோடு உட்காரவைத்து, வாயை அல்லாமல் கையைப் படமெடுக்க வேண்டிய நேரம் இது. அதற்குக் கட்டடம் எதுவும் எழுப்பத் தேவையில்லை என்பதால், நிலம் இல்லை என்ற பதிலும் இங்கே செல்லாது.

நம்மிடையே ஏற்கெனவே நடப்பவற்றில், இந்த வகைக்கு மிக நெருங்கி வருவது பொங்கல்தான். ஜனவரியில் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் மரபுடைமைச் சங்கத்தின் ஏற்பாட்டில் மாடுகளும் ஆடுகளும் வட்டாரத்துக்கு வருகின்றன. அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை மாட்டின் மூச்சு எவ்வளவு சூடானது என்று அறியும் நாள் அது. மாட்டைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், ஒரு காலத்தில் அதே தெருக்களில் பால் எப்படிக் கறந்து, எப்படி வீடு வீடாகப் போயிற்று என்பதையும் செய்துகாட்டினால், கண்காட்சி வரலாற்றுக்குள் ஓரடி எடுத்துவைக்கும்.

அதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலேயே நடந்து முடிகிறது. 1827இல் நாராயண பிள்ளையின் முயற்சியால் எழுந்த சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரி 12ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. அதற்கு முந்திய மாதங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பக் கலைஞர்கள் சாரத்தில் ஏறி, கோபுரத்தின் சுதைச் சிற்பங்களில் உடைந்த விரலையும் மங்கிய கண்ணையும் சீர்செய்தார்கள். பார்ப்பவர்க்குத் தெரிந்ததெல்லாம் சாரமும் பச்சைத் துணியும்தான். கோயிலின் அடுத்த குடமுழுக்கு வழக்கப்படி 2030களின் நடுப்பகுதியில் வரும். அப்போது சாரத்தின் ஒரு மட்டத்தில் கம்பியிட்ட பார்வை மேடை ஒன்றும், தரையில் ஒரு பயிற்சிச் சுவரும், ஸ்தபதியோடு பேசித் தமிழில் விளக்கக்கூடிய இரண்டு பேரும் இருந்தால் போதும். கோயில் நிர்வாகமும் தேசிய மரபுடைமைக் கழகமும் பாதுகாப்பு விதிகளைப் பற்றி இப்போதே பேசத் தொடங்கினால், கலவையில் சிமென்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பை எந்தெந்த இடத்தில் மீண்டும் பயன்படுத்தலாம் என்று சோதித்துப் பார்க்கவும் அவகாசம் இருக்கும்.